இருபதில் ஒரு பங்கு

மோட்டாரின் காயில் எரியும் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் அதை மறப்பதில்லை. கிணற்றடியிலும் மாவுமில் வாசலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு அது பால்யத்தின் வாடைகளில் ஒன்று. வார்னிஷும் தாமிரமும் சேர்ந்து கருகும் அந்த நெடியைச் சென்ற கோடையில் சிகாகோவின் புறநகர் ஏரி ஒன்றின் கரையில் எதிர்கொண்டேன். என் அண்டைவீட்டுக்காரர், ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர், மூன்று குளிர்காலங்களைச் செலவிட்டு ஒரு மாதிரிப் படகைக் கட்டி முடித்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய பி.டி. படகு என்னும் டார்பிடோ ரோந்துப் படகின் இருபதில் ஒரு பங்கு உரு. அசலில் 80 அடி, இவர் கையில் 4 அடி. பீரங்கிகள், டார்பிடோக் குழாய்கள், கம்பித் தடுப்புகள், மாலுமியின் அறைக்கதவில் இருக்கும் கைப்பிடி வரை எல்லாம் இருபதில் ஒன்று. தானியங்கியாக ஓட மூன்று மின்மோட்டார்கள். முதல் வெள்ளோட்டத்தில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நான்கு நிமிடம் பறந்தது. ஐந்தாவது நிமிடம் வேகம் தளர்ந்தது. கரைக்கு இழுத்து வந்து மேல்தளத்தைத் திறந்தபோது அந்த வாடை.

நடு மோட்டார் போய்விட்டிருந்தது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்க, அதன் நடுவே நின்று ஒரு மோட்டார் வெந்து போவதில் ஏதோ ஒரு கேலி இருக்கத்தான் செய்கிறது. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள நீராலேயே குளிர்கிறது. நீர்மட்டம் இறங்கினால்தான் காயில் போகும். இந்தப் படகிலோ நிலைமை தலைகீழ். நீர் உள்ளே வராமல் இருப்பதற்காகத்தானே படகு என்ற ஒன்றே இருக்கிறது? அடைத்த மரப்பெட்டிக்குள், தன் சூட்டைத் தானே சுவாசித்தபடி மோட்டார் சுற்றுகிறது. வழி ஒன்றுதான், அடியிலிருந்து ஒரு சிறு குழாயால் ஏரிநீரை உள்ளே எடுத்து, மோட்டார்களைச் சுற்றி ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளியே துப்பச் செய்யவேண்டும். பந்தய மாதிரிப் படகுகளில் இது வெகு சாதாரணம். ஆனால் அண்டைவீட்டுக்காரர் முகம் சுளித்தார். அசலின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஓட்டை இல்லை என்றார்.

நான் ஒரு அப்பாவிக் கேள்வி கேட்டேன். அசல் படகிலும் எஞ்சினைக் குளிர்விக்க ஏதாவது இருந்திருக்குமே, அதையும் இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துவிட்டால் போயிற்று, இல்லையா? அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடித்தான் அடுத்த சில மாதங்கள் நூலகத்தில் கழிந்தன.

மாதிரி உருக்களும் வெப்பமும் மோதிக்கொள்வது புதிதல்ல. தொழிற்புரட்சியின் முக்கியமான ஒரு கண்டுபிடிப்பே அந்த மோதலில் பிறந்ததுதான். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவி எந்திரத்தின் மாதிரி ஒன்று பழுதுபார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. இரண்டு அங்குல விட்டமுள்ள உருளை. வாட் அதைச் சரிசெய்தார். ஆனால் சில அடிகள் அடித்ததும் நின்றுவிட்டது. கொதிகலன் தரும் நீராவி போதவில்லை. சுரங்கங்களில் இதன் பேருருவங்கள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன, அதே வடிவத்தில் செய்த சிறியதோ மூச்சுவாங்கியது. வாட் யோசித்துக் கண்ட காரணங்களில் ஒன்று எளிய கணக்கு. ஒரு பொருளைச் சுருக்கும்போது அதன் கொள்ளளவு குறைகிற அளவுக்கு அதன் மேற்பரப்பு குறைவதில்லை. சிறிய உருளை தன் உடம்பின் அளவுக்கு அதிகமான தோலைக் கொண்டது. அந்தத் தோல் வழியே நீராவியின் சூடு ஓடிவிடுகிறது. மேலும் நியூகோமன் முறையில் நீராவியைச் சுருக்க ஒவ்வோர் அடிக்கும் உருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீய்ச்சவேண்டும், அதனால் உருளையும் சேர்ந்து குளிர்ந்துபோகிறது. குளிர்வித்தலை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் 1765-ல் அவருக்கு வந்தது. மீதியைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. வாட்டின் மாதிரி சிறியது என்பதனாலேயே மிக வேகமாகக் குளிர்ந்தது. சிறியவை சூட்டை இழக்கும், அது இயற்கையின் விதி. சுண்டெலி நாள் முழுதும் தின்றுகொண்டே இருப்பதும் யானை காதை விசிறிக்கொண்டு நிற்பதும் அதனால்தான். அப்படியென்றால் நான்கடிப் படகின் மோட்டார் எதனால் எரியவேண்டும்? எண்பதடிப் படகல்லவா எரிந்திருக்கவேண்டும்?

மின்படகின் வரலாற்றைப் புரட்டினால் முதல் அரை நூற்றாண்டில் வெப்பத்தைப் பற்றிய கவலை தென்படுவதே இல்லை. 1838-ல் மோரிட்ஸ் யாகோபி என்ற ஜெர்மானியர், ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸின் பொருளுதவியோடு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா நதியில் மின்மோட்டாரால் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றும் படகு ஒன்றை ஓட்டினார். சுமார் ஒரு டஜன் பேர் அதில் அமர்ந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கியும், கரையில் காலார நடப்பவர் அதை முந்திவிடலாம். 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் துருவே ஐந்து மீட்டர் நீளமுள்ள படகில், சுக்கானின் தலையிலேயே மோட்டாரை வைத்து, சேன் நதியில் வலம் வந்தார். மோட்டார் திறந்தவெளிக் காற்றில் இருந்தது. மின்கலங்களின் பலவீனமே மோட்டாருக்குப் பாதுகாப்பு. ஏழையின் வீட்டில் அஜீரணம் வருவதில்லை.

ஆனால் பின்னாளில் எரியப்போகும் எல்லா மோட்டார்களுக்குமான விதியை ஒருவர் அப்போதே எழுதி வைத்துவிட்டார். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் மதுவடிப்பவரின் மகனான ஜேம்ஸ் ஜூல், யாகோபியைப் போலவே மின்மோட்டார் மோகத்தில் இருந்தவர். நீராவி எந்திரத்தைத் தூக்கியெறிந்துவிட்டு மின்மோட்டாரை வைக்கலாம் என்று கனவு கண்டு, துத்தநாகம் நிலக்கரியைவிட எவ்வளவு செலவு பிடிக்கும் என்று கணக்குப்போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கனவைக் கைவிட்டார். கைவிடுவதற்கிடையில் ஒன்றைக் கவனித்தார். 1841-ல் வெளியான அவருடைய கட்டுரை, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடுகிறது என்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, மூன்றானால் ஒன்பது.

அதை அவர் அளந்த விதம்தான் என்னைப் புன்னகைக்க வைத்தது. கம்பியைக் கண்ணாடிக் குழாயில் சுருளாகச் சுற்றி, அதை ஒரு ஜாடித் தண்ணீரில் மூழ்கவைத்து, மின்சாரம் ஓடவிட்டு, தண்ணீர் எத்தனை பாகை சூடேறுகிறது என்று வெப்பமானியில் பார்த்திருக்கிறார். நீரில் குளிரும் மின்சுருள். இன்றைய மாதிரிப் படகுக்காரர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே அமைப்பு. ஜூலுக்கு அது கம்பியைக் காப்பாற்றும் உபாயம் அல்ல, கம்பி எவ்வளவு இழக்கிறது என்று நீரை விட்டு எண்ணவைக்கும் தராசு.

மின்படகின் பொற்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று என் வீட்டிலிருந்து ஒரு மணிநேரக் கார்ப்பயணத்தில் நிகழ்ந்திருக்கிறது. 1893-ன் சிகாகோ உலகக் கண்காட்சி தமிழ் வாசகர்களுக்கு விவேகானந்தரின் வழியே அறிமுகமானது. சர்வமத மாநாடு நகரத்தின் நடுவில் நடந்தது; கண்காட்சித் திடல் தெற்கே ஜாக்சன் பூங்காவில். அங்கே வெட்டப்பட்ட கால்வாய்களிலும் குளங்களிலும் 36 அடி நீளமுள்ள மின்படகுகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை மக்களை ஏற்றிக்கொண்டு திரிந்தன. புகையில்லை, ஓசையில்லை. இரவில் கரைகட்டி மின்னேற்றம், பகலில் உலா. வேகம் ஓடிவரும் ஒரு மனிதனைத் தாண்டாது. அவற்றை வழங்கிய நிறுவனம் எலெக்ட்ரிக் லாஞ்ச் கம்பெனி, சுருக்கமாக எல்கோ.

இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் ஐம்பதாண்டு கழித்து, நியூஜெர்சியின் பயோன் நகரிலிருந்த கட்டுமானத் தளத்தில், அதே எல்கோதான் எண்பதடி பி.டி. படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. பெயரில் மட்டும் மின்சாரம். உள்ளே மூன்று பேக்கார்ட் பெட்ரோல் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர்கள், போரின் பிற்பகுதியில் ஒவ்வொன்றும் 1500 குதிரைத்திறன். மூவாயிரம் காலன் உயர்ரக பெட்ரோல். ஐம்பத்தாறு டன் மரப்படகு மணிக்கு 41 நாட், நம் கணக்கில் சுமார் 76 கிலோமீட்டர் ஓடியது. ஓசையற்ற உல்லாசப் படகிலிருந்து இந்த உறுமலுக்கு அந்த நிறுவனம் வந்து சேர்ந்த பாதையில் முதல் உலகப்போரும் இருக்கிறது. அப்போது பிரிட்டனுக்காக 550 பெட்ரோல் படகுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் மின்சாரத்தை யார் தேடப்போகிறார்கள்?

பி.டி. படகின் வம்சத்தில் ஓர் இலக்கியவாதியும் வருகிறார், இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். எல்கோ தன் வடிவமைப்புக்கு அடிப்படையாக 1939-ல் விலைக்கு வாங்கிவந்த படகு, பிரிட்டனின் ஹ்யூபர்ட் ஸ்காட்-பெய்னுடையது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஸ்காட்-பெய்னின் தளத்தில், விமானப்படைக்கான மீட்புப் படகுகளைச் சோதித்து ஓட்டிக்கொண்டிருந்த விமானப்படைச் சிப்பாய் ஒருவரின் பெயர் ஷா. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தவர் ‘ஏழு ஞானத் தூண்கள்’ எழுதிய டி.இ. லாரன்ஸ். அரேபியப் பாலைவனத்தின் காவியத்தை எழுதிய கை, 1932-ல் அப்படகுகளுக்கான இயக்கக் கையேட்டையும் எழுதியது. அலங்காரம் சிறிதுமில்லாத, ஒரு மெக்கானிக்குக்கு இன்னொரு மெக்கானிக் சொல்வது போன்ற எழுத்து என்பதில் லாரன்ஸுக்குப் பெருமிதம் இருந்தது.

பேக்கார்ட் எஞ்சினைக் குளிர்வித்தது கடல். எஞ்சினுக்குள் நன்னீர் ஒரு மூடிய சுற்றில் ஓடும். அதன் சூட்டை, வெளியிலிருந்து இறைத்த கடல்நீர் ஒரு வெப்பமாற்றியில் வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்கே போகும். கடல்நீரை நேராக எஞ்சினுக்குள் விட்டால் உப்பு தின்றுவிடும் என்பதால் இந்த இரண்டடுக்கு ஏற்பாடு. ஆக, நான் கேட்டது அப்படியொன்றும் முட்டாள்தனமில்லை. அசலில் நீர்க்குளிர்ப்பு இருந்தது. அதை இருபதில் ஒன்றாகச் சுருக்கினால் என்ன?

இதற்கு விடை சொன்னவர் வில்லியம் ஃப்ரூட். கார்லைலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஆன்டனி ஃப்ரூடின் உடன்பிறந்த அண்ணன். 1867-ல் டார்ட் ஆற்றில், அன்னம், அண்டங்காக்கை என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களை மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி என்று வெவ்வேறு அளவில் செய்து இழுத்துப் பார்த்தார். சிறிய மாதிரியைப் பெரியதன் வேகத்தில் இழுத்தால் அலைகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகத்தையும் குறைத்து இழுத்தால், சிறியதன் பக்கத்தில் எழும் அலைக்கோலம் பெரியதன் அலைக்கோலத்தின் அச்சாக இருக்கிறது. கப்பற்கலையின் பெரிய மனிதராக இருந்த ஜான் ஸ்காட் ரஸ்ஸல் 1870-ல் இதைச் சபையிலேயே ஏளனம் செய்தார். சிறு உருவில் செய்யும் இச்சோதனைகள் செய்பவருக்கும் கேட்பவருக்கும் இன்பம் தரும், பெரிய கப்பலுக்கு உதவாது என்பது அவர் கட்சி. கடற்படை ஃப்ரூடின் பக்கம் நின்றது. 1871-ல் கிரேஹவுண்ட் என்ற மெய்யான போர்க்கப்பலையே இன்னொரு கப்பலால் கடலில் இழுத்து அளந்தார்கள், மெழுகு மாதிரி சொன்னதையே கப்பலும் சொன்னது. 1872-ல் டார்கேயில் அவர் வீட்டருகே அமைத்த நீர்த்தொட்டியின் வழித்தோன்றல்களில்தான் இன்றைக்கும் உலகின் பெரிய கப்பல்கள் கட்டப்படுமுன் சோதிக்கப்படுகின்றன. தோற்றத்தில் குழந்தை விளையாட்டு, ஆனால் அதன்மேல் ஆயிரக்கணக்கானோர் உயிர் மிதக்கிறது.

ஃப்ரூடின் கணக்கை அண்டைவீட்டுக்காரரின் படகுக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் இருபதில் ஒன்று. எடை எட்டாயிரத்தில் ஒன்று, ஐம்பத்தாறு டன் 7 கிலோவாகிறது. அவர் படகும் ஏறத்தாழ அதுவே. வேகம் இருபதின் வர்க்கமூலத்தால் வகுபட்டு மணிக்கு 17 கிலோமீட்டர். சக்தியோ, எடையும் வேகமும் சேர்ந்து சுருங்குவதால், சுமார் முப்பத்தாறாயிரத்தில் ஒன்று. 4500 குதிரைத்திறனை முப்பத்தாறாயிரத்தால் வகுத்தால் எட்டில் ஒரு குதிரை, வெறும் 93 வாட். பழைய கால வராந்தா குண்டு பல்பின் சக்தி! நீரின் உராய்வு ஃப்ரூடின் விதிக்குக் கட்டுப்படாது, சிறிய புரொப்பெல்லர்கள் பெரியவற்றைப் போலத் திறமையானவையும் அல்ல (இது ஃப்ரூடுக்கே தெரியும், உராய்வுக்குத் தனிக்கணக்கு வைத்திருந்தார்), ஆகவே தாராளமாக இரட்டிப்பாக்கி 190 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வெப்பம். சக்தி முப்பத்தாறாயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் மேற்பரப்போ நானூறில் ஒன்றாக மட்டுமே குறைந்திருக்கிறது. வீணாகும் பங்கு இரண்டிலும் ஒன்றே என்று கொண்டால், மாதிரியின் ஒவ்வொரு சதுர அங்குலமும் சுமக்கவேண்டிய சூடு அசலில் இருப்பதில் தொண்ணூறில் ஒரு பங்கு. வாட்டின் உருளையைக் குளிரவைத்த அதே கணக்கு. அளவுக்கு உண்மையாக ஓடும் ஒரு மாதிரிப் படகுக்கு நீர்க்குளிர்ப்பு தேவையே இல்லை. அசலில் தவிர்க்க முடியாத ஓர் உறுப்பு, மாதிரியில் அலங்காரமாக மட்டுமே இருக்கமுடியும்.

ஆனால் மோட்டார் எரிந்தது. காரணம், அண்டைவீட்டுக்காரர் மூன்று ஐந்நூறு வாட் மோட்டார்களைப் பொருத்தியிருந்தார். மொத்தம் 1500 வாட், விதி கேட்டதைப்போல எட்டு மடங்கு. அவர் படகு அன்றைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடியது. இதைத் திருப்பிப் பெருக்கினால் அசல் படகு மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடியிருக்கவேண்டும். எந்த பி.டி. படகும் கனவிலும் அப்படி ஓடியதில்லை. கம்பித்தடுப்பின் தடிமனைக்கூட அரை மில்லிமீட்டர் பிசகாமல் இருபதில் ஒன்றாக்கியவர், வேகத்தை மட்டும் ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கிவிட்டார். ஓட்டை அசலில் இல்லை என்று அவர் வருந்தியதற்குப் பொருள் இருந்தது, ஆனால் பிறழ்வு ஓட்டையில் தொடங்கவில்லை.

இதை அவரிடம் சொல்ல எனக்குச் சில நாட்கள் பிடித்தது. அவர் கோபிக்கவில்லை. பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் படகைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாயா என்றார். நாம் எண்பதடிப் படகைத் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல நான்கடிப் படகைப் பார்ப்பதில்லை, ஏரி சுருங்குவதில்லை, நம் கண்ணும் பொறுமையும் சுருங்குவதில்லை, ஆகவே உண்மையான வேகம் பொய்போலத் தெரியும் என்றார். இதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே பட்டது. சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் இதே வாதத்தை வேறு சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு எட்டு மடங்கு சக்தியைக் கையில் கொடுத்தது சமீபத்திய வரலாறு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தம், கட்டைவிரல் பருமனுள்ள மோட்டாருக்குள் முன்பு நினைத்துப் பார்க்காத வலிமையை அடைத்தது. 1991-ல் சந்தைக்கு வந்த லித்தியம் மின்கலமும் அதன் வழிவந்த இலேசான பொட்டலங்களும் யாகோபியின் நூற்றுக்கணக்கான ஜாடிகளைச் சட்டைப்பையில் வைக்கக்கூடியதாக்கின. ஏழைக்குத் திடீரென்று செல்வம் வந்தது, கூடவே அஜீரணமும். மின்னழுத்தத்தை மாற்றாமல் அதே மோட்டாரிடம் எட்டு மடங்கு சக்தி கேட்டால் மின்னோட்டமும் எட்டு மடங்கு, ஜூலின்படி தாமிரத்தில் வெப்பம் அறுபத்து நான்கு மடங்கு. தாமிரம் சூடாக ஆக அதன் தடை கூடுகிறது, ஒவ்வொரு பாகைக்கும் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதனால் இன்னும் சூடாகிறது. சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 பாகையைத் தாண்டினால் தன் காந்தத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். மோட்டாரை வேறாக மாற்றிப் பெரிதாக வைத்தாலும் மூடிய பெட்டிக்குள் போக்கிடம் கிடையாது. 1500 வாட்டில் ஐந்திலொரு பங்கு வீணானாலும் 300 வாட். படகின் உள்ளிருக்கும் பத்து லிட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, ஒரு நொடிக்குப் போதும். அதே கன அளவு நீர், காற்றைப்போல ஏறத்தாழ 3500 மடங்கு சூட்டை வாங்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால் அந்த 300 வாட்டையும் எடுத்துக்கொண்டு, நான்கு பாகை சூடாகி, அமைதியாக வெளியேறிவிடும்.

ஆக, குழாய் பொருத்தும் வேலை தொடங்கியது. அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் எடுபிடியாக நானிருந்தேன். நீர் எடுக்கும் வாய் புரொப்பெல்லருக்குப் பின்னால், அது தள்ளும் நீர் நேராக மோதுமாறு முன்னோக்கி நிற்கவேண்டும். சிறு பித்தளைக் குழாயின் நுனியைச் சாய்வாக அறுத்து வளைத்தார். குழாயை வெறுமனே வளைத்தால் மடிந்து நசுங்கும். முதலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்கி, உள்ளே நேர்த்தியான உப்பை இறுக நிரப்பி இருமுனையும் அடைத்து வளைத்தால் வளையும். பிறகு உப்பை நீரில் கரைத்துக் கழுவிவிடலாம். மணலைவிட உப்பு சிறந்தது என்பதை நான் அன்று கற்றேன். மோட்டாரின் உடம்பைச் சுற்றி நெருக்கமாக ஏழெட்டுச் சுற்று அலுமினியக் குழாய், இடையில் காற்று நிற்காதிருக்க வெப்பப்பசை. மூன்று மோட்டார்களையும் ஒரே சரட்டில் கோத்தால் கடைசி மோட்டாருக்கு வெந்நீர்தான் கிடைக்கும், தடையும் கூடும்; எனவே மூன்றுக்கும் மூன்று தனி வாய்கள். ஒவ்வொன்றிலும் நீர் முதலில் வேகக் கட்டுப்படுத்திக்குப் போய்ப் பிறகு மோட்டாருக்கு. மின்னணுச் சில்லுகள் தாமிரத்தைவிடத் தொட்டாற்சிணுங்கிகள், அவற்றுக்குப் புது நீர் வேண்டும். இணைப்புகளில் சிலிக்கோன் குழாய், இறுக்கமான வளைவே கூடாது. ஒட்டியபின் வாயால் ஊதிப் பார்க்கவேண்டும். எளிதாக மூச்சுப் போனால் நீரும் போகும்.

வெளியேறும் துளைதான் அவரை உறங்கவிடாமல் செய்தது. அது நீர்மட்டத்துக்கு மேலே, கரையிலிருந்து பார்வையில் படுமாறு இருக்கவேண்டும். பீய்ச்சும் நீர்த்தாரையே எல்லாம் நலம் என்பதற்கு ஒரே சாட்சி. அசல் பி.டி. படகின் பின்பலகையில் எஞ்சின்களின் புகைக்குழாய்கள் வெளியே நீட்டியிருக்கும். அவற்றை அவர் திடமான மரக்கட்டையில் கடைந்து ஒட்டியிருந்தார். இப்போது அவற்றைப் பிடுங்கியெடுத்துத் துளையிட்டுக் குழாயாக்கி, நீரை அவற்றின் வழியே வெளியேற்றினார். வரைபடத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அன்று மாலை அவர் வழக்கத்தைவிட ஒரு கோப்பை கூடுதலாகக் காப்பி அருந்தினார்.

இந்த ஏற்பாட்டின் ஒரு பலவீனத்தை இங்கே சொல்லவேண்டும், மாதிரிப் படகுக்காரர்கள் பலரும் நட்டப்பட்ட பின்பே அறிவது அது. பம்பு இல்லை, நீரை உள்ளே தள்ளுவது வேகம் மட்டுமே. நாற்பது கிலோமீட்டர் வேகம் நீரை ஆறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம் தரும், பதினேழு கிலோமீட்டர் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், மெதுவாக நடக்கும் வேகமோ ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஏரிப்பாசி புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டு படகு நிற்கும்போது மோட்டார் திணறிக்கொண்டு உச்ச மின்னோட்டத்தை இழுக்கும். வெப்பம் இருமடிப்படி ஏறும். நீர் மிக அவசியமான அந்தக் கணத்தில்தான் குழாயில் ஒரு சொட்டும் இருக்காது. உடனே விசையை விடவேண்டும். வேறு வழியில்லை.

பி.டி.-109 நினைவுக்கு வருகிறது. 1943 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இருளில், சாலமன் தீவுகளின் பிளாக்கெட் நீரிணையில், நீரில் ஒளிரும் தடம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடக்கூடாதென்று, மூன்று எஞ்சின்களில் ஒன்றை மட்டும் மெல்ல ஓடவிட்டுக் காத்திருந்தது அந்த எல்கோ படகு. ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அமகிரி அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. பதின்மூன்று பேரில் இருவர் மாண்டனர். உயிர்தப்பியவர்களில் படகின் தலைவர் ஜான் கென்னடியும் ஒருவர். வேகத்துக்காகவே கட்டப்பட்ட படகு, வேகமில்லாத ஒரு நேரத்தில்.

இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில் மறுபடி ஏரிக்குப் போனோம். என் வேண்டுகோளுக்கு இணங்கி, முதல் ஓட்டத்தில் சிலிக்கோன் குழாய்களைக் கழற்றி வாய்களை அடைத்துவிட்டு, பதினேழு கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினார். பத்து நிமிடம். கம்பீரமாகத்தான் இருந்தது, முன்முனையில் பிரிந்த அலை, நான் பழைய புகைப்படங்களில் பார்த்த அலையேதான், அதே கோணம், அதே மீசை. கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து மூன்று மோட்டார்களையும் விரலால் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்பு, அவ்வளவே.

அவர் ஒன்றும் பேசாமல் குழாய்களை மறுபடி பொருத்தினார். ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துவிட்டு மேல்தளத்தை மூடினார். படகை நீரில் விட்டு, விசையைக் கடைசிவரை தள்ளினார். பின்பலகையின் புகைக்குழாய்களிலிருந்து மூன்று மெல்லிய நீர்த்தாரைகள் சாய்வெயிலில் மின்னிக்கொண்டு புறப்பட்டன.